நான்காவது வரி

மூன்று பேரைப் போட்டால் மூன்று பேர்தானே திரும்பி வரவேண்டும்? நான்கு வந்தது. மஹிமா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் எண்ணினாள். ஸ்ரீநாத், சைதன்யா, மஹிமா. திரையில் அவர்களுக்குக் கீழே பெயரே இல்லாமல் ஒரு வரி.

துர்கா பூஜையில் அஷ்டமி நாள், மத்தியானம் மூன்று மணி. சால்ட் லேக் செக்டர் ஃபைவில் அந்த ஆறாவது மாடியில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. பூஜை வந்துவிட்டால் ஆபீஸில் இருக்கிற வங்காளிகள் அத்தனை பேரும் ஐந்து நாள் காணாமல் போவார்கள், டியூட்டி தமிழாள் தலையில் விடியும். உனக்கென்ன, இது உங்கள் பண்டிகை இல்லையே என்பார்கள். அதே ஒன்பது நாளும் வீட்டில் கொலு வைத்துச் சுண்டல் கிளறிக்கொண்டிருக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? முதல் நாள் சுண்டலின்போது குக்கர் மூடி பட்டு இடது மணிக்கட்டில் பிறைநிலா மாதிரி ஒரு சூடு. அதைக் காட்டிக்கூடப் பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை.

காலையில் கிளம்பும்போது, சாயங்காலம் கட்டிக்கொள்ள மாம்பழ நிறப் பட்டுப்புடவையைக் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்தாள். ஏழு வயசு சைதன்யா வாசல் வரை வந்து விரலை நீட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அம்மா ஐந்து மணிக்கு வந்துவிடவேண்டும், அம்மாதான் பின்னி விடவேண்டும், பூ வைக்கவேண்டும். அப்பாவுக்குப் பின்னத் தெரியாது. மஹிமாவும் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

செய்யவேண்டிய வேலை பார்வைக்குச் சின்னதுதான். அவர்கள் கம்பெனி டேட்டாபேஸ் சர்வர் எழுதுகிறது. பெரிய கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்டதை எடுத்துக் கொடுக்கும். நாம் கேட்கிற கேள்வியைச் சொல் சொல்லாகப் பிரித்து, எந்த அடைப்புக்குறி எங்கே திறந்து எங்கே மூடுகிறது என்று பார்த்து, இவர் கேட்பது இதுதான் என்று அர்த்தம் சொல்கிற பகுதிக்குப் பார்சர் என்று பெயர். அந்தப் பார்சருக்குத்தான் உடம்பு சரியில்லை. ஏதோ ஒரு கஸ்டமர் கேட்ட கேள்விக்கு, இருப்பதைவிட ஒரு ஆள் கூடுதலாக வருகிறது. பெங்களூரிலிருந்து மேலதிகாரி சுந்தரேசன் காலையிலேயே போன் பண்ணிவிட்டார். ஆறு மணிக்குப் புது வெர்ஷன் உலகம் பூராவும் போகிறது, அதற்குள் சரி பண்ணியாகவேண்டும்.

கஸ்டமர் வீட்டுப் பெயர்களைச் சரிபார்க்க ஓட்டுகிற டெஸ்டில் போடக்கூடாது என்பது சட்டம். அதனால் அவரவர் சொந்தப் பெயர்களைப் போடுவது அந்த ஆபீஸ் வழக்கம். போன வருஷம் ரிடையர் ஆன முகர்ஜிதாவின் டெஸ்டுகளைத் திறந்தால் அவர் குடும்பமே உள்ளே உட்கார்ந்திருக்கும். மாமா, மாஷி, பெரியப்பா எல்லோருமே காலமானவர்கள். உயிரோடு இருக்கிறவர்களை ஏன் போடுவதில்லை என்று மஹிமா ஒரு தடவை கேட்டாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, போடக்கூடாது மகளே, அவ்வளவுதான் என்றார். இவள் சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. இன்றைக்கு அவசரத்தில் அவளுக்கு வாயில் வந்த மூன்று பெயரை, புருஷன், பெண், தான் என்று தட்டினாள். பக்கத்தில் 'இடம்' என்று ஒரு கட்டம், அதையும் சும்மா விடாமல் நிரப்பினாள். ஸ்ரீநாத், ஹால். சைதன்யா, ஹால். மஹிமா, ஆபீஸ்.

நான்காவது வரியில் பெயர்க் கட்டம் காலி. இடம் என்ற கட்டத்தில் மட்டும் எழுதியிருந்தது. மாடிப்படி.

அவள் பயப்படவில்லை. பதினொரு வருஷ அனுபவம். சர்வர் தன் நினைவில் பழைய குப்பையைத் துடைக்காமல் வைத்திருக்கும், யாரோ எப்போதோ தட்டின வார்த்தை அதில் ஒட்டிக்கொண்டு வரும். இது எத்தனை தடவை பார்த்தது. அவள் வழக்கம்போலக் கேள்வியை வெட்ட ஆரம்பித்தாள். கஸ்டமர் அனுப்பினது அறுபது வரிக் கேள்வி. தேவையில்லாததை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, எவ்வளவு சின்னக் கேள்வியில் அந்தத் தப்பு மிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் முறை. பத்து வரியை எடுத்தாள், நான்கு பேர். இன்னும் இருபதை எடுத்தாள், நான்கு பேர். கீழே தெருமுனைப் பந்தலில் டாக் மேளம் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள், அந்தக் கொட்டுச் சத்தம் கண்ணாடிச் சுவர் வழியாக மங்கலாக, தூக்கத்தில் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. லீவு நாள் என்று ஏஸியைப் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். புழுக்கத்தில் கார்ப்பெட்டின் பழைய வாசனையும், வாட்ச்மேன் நிதாய்தா கொண்டுவந்து கொடுத்த பந்தல் பிரசாதம் போக் கிச்சடியின் நெய் வாசனையும், எங்கிருந்து வந்ததோ தெரியாமல் மெலிதாகச் சாம்பிராணியும் கலந்திருந்தன. கடைசியில் கேள்வி ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது. வீட்டில் யார் யார்? அதற்குள் ஒரு காலி அடைப்புக்குறி. அவ்வளவுதான்.

நான்கு பேர் வந்தார்கள். நான்காவது வரி இப்போது வேறாக இருந்தது. வாசல்.

மஹிமா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள். குப்பை ஒட்டிக்கொண்டு வரும், சரி. குப்பை நகருமா?

அப்போதுதான் போன் அடித்தது. ஸ்ரீநாத்தின் நம்பர், பேசினது சைதன்யா. மணி நாலாகிறதே, கிளம்பியாச்சா என்று அதட்டல். இதோ என்றாள் மஹிமா. பிறகு குழந்தை வேறு கதைக்குப் போனாள். காலிங்பெல் அடித்ததாம், ஓடிப்போய்த் திறந்தாளாம், கேயூ நேய், யாருமே இல்லையாம்.

"ஆனா வாசல்ல யாரோட செருப்போ இருக்கும்மா."

"யாரோடது?"

"தெரியல. உன்னோடது மாதிரியே இருக்கு."

மேஜைக்கு அடியில் மஹிமா தன் காலைப் பார்த்தாள். செருப்பு காலில்தான் இருந்தது. மாடி வீட்டுக்காரர்களுடையதாக இருக்கும், கதவைச் சாத்திக்கொள், அப்பா பக்கத்தில் இரு என்று சொல்லி வைத்துவிட்டாள். சொன்ன தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுபடி அந்தக் கேள்வியைத் தட்ட விரல் வரவில்லை. தட்டாமலும் இருக்க முடியவில்லை. இது என்ன பைத்தியக்காரத்தனம், நானும் படித்தவள்தானே என்று தன்னையே திட்டிக்கொண்டு தட்டினாள்.

ஹால்.

அவள் போன் பண்ணினாள். நாலைந்து தடவை அடித்த பிறகு ஸ்ரீநாத் எடுத்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான், வீட்டில் விருந்தாளி இருந்தால் அப்படித்தான் பேசுவான். கொலு பார்க்க ஒரு மாமி வந்திருக்கிறாளாம். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். பொம்மைகளைப் பார்க்கவில்லை, கொடுத்த காப்பியைத் தொடவில்லை. பாயில் உட்கார்ந்து சைதன்யாவுக்குத் தலை பின்னி விட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

"யாரு அது?"

"உன் ஃப்ரெண்டுன்னு நெனச்சேன். தெரிஞ்ச முகமாத்தான் இருக்கு. யாருன்னுதான் புடிபடல."

தாம்பூலம் கொடுத்து உடனே அனுப்பிவிடு என்றாள் மஹிமா. அவன் சிரித்தான். கொலுவுக்கு வந்தவளுக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் வீட்டுப் பெண்பிள்ளை கொடுக்கவேண்டியது, ஆம்பளை கொடுக்கிற வழக்கம் உண்டா? வாங்காமல் அவளும் போகமாட்டாள், போகச் சொல்வதும் அழகில்லை.

"நீ வந்து குடு. நீ வந்தாத்தான் அவ போவா," என்றான் ஸ்ரீநாத்.

ஓடிவிடலாம் என்று எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கூட ஆகிவிட்டது. அஷ்டமிச் சாயங்காலம் சால்ட் லேக்கிலிருந்து பாலிகஞ்ச் வீட்டுக்குப் போக இரண்டு மணி நேரம், பந்தல் கூட்டத்தில் பாதித் தெரு அடைத்திருப்பார்கள், அது மூன்று மணி நேரமானாலும் ஆச்சரியமில்லை. அதுவரைக்கும் அவள் பெண்ணின் தலைமயிர் அந்தக் கையில் இருக்கும். இங்கே இந்தத் திரையில் அரை மணி வேலை. எங்கிருந்து உள்ளே வந்ததோ அந்த வழியை அடைத்துவிட்டால் போதும். இப்படி நினைத்ததற்கு அவளே கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

பார்சரின் புரோகிராம் ஆயிரக்கணக்கான வரி. அவள் அதில் தலையைக் குப்புறப் போட்டுத் தேடினாள். வெயில் இறங்கி, எதிர்க் கட்டடத்துக் கண்ணாடி சிவந்து, பிறகு கறுத்தது. ஆள் அசையாததால் மாடியின் கோடி விளக்குகள் வரிசை வரிசையாகத் தாமாக அணைந்துகொண்டே வந்து அவள் தலைக்கு மேலே இருந்தது மட்டும் எரிந்தது. அவள் நிமிரவில்லை. ஐந்தரைக்கு இடம் அகப்பட்டது. அடைப்புக்குறி காலியாக இருந்தால் பார்சர் அதைத் திறக்கிறது, மூட மறந்துவிடுகிறது. திறந்த இடத்தில் ஒரு ஆள் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. மூன்றே வரியில் மூடினாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதென்றால் முதலில் கிணற்றைத்தானே மூடவேண்டும்?

சர்வரைத் திரும்பக் கட்டி எழுப்பப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் டெஸ்டை எழுதினாள். முறையாக எழுதுவதென்றால் என்னென்ன பெயர், எந்த வரிசையில் வரவேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைக்கவேண்டும். வரிசை மாறினால் டெஸ்ட் தோற்கும், வரிசைப்படுத்திக் கேட்க இன்னும் நேரம் பிடிக்கும். எத்தனை பேர் என்று மட்டும் கேட்டால் ஒரே எண்ணில் வேலை முடிந்தது. இப்படி எழுதுகிற சின்னப் பசங்களை அவளே எத்தனை தரம் வறுத்தெடுத்திருக்கிறாள், தலையை எண்ணாதே முகத்தைப் பார் என்று. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. எத்தனை பேர் என்று எழுதினாள். வரவேண்டியது, மூன்று.

ஓட்டினாள். பச்சை எழுத்தில் விடை வந்தது. மூன்று, பாஸ்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எல்லாவற்றையும் அனுப்பினாள், சுந்தரேசன் ஒரு நன்றி போட்டார், உலகம் பூராவும் போயாயிற்று. வீட்டுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பாலிகஞ்ச் பந்தலின் கொட்டு காதைப் பிளந்தது. மாமி போயாச்சா என்று கத்தினாள். இரண்டு தடவை கத்தவேண்டியிருந்தது.

"எந்த மாமி? இங்க நாங்க மூணு பேர்தான் இருக்கோம்," என்றான் ஸ்ரீநாத். பின்னால் சைதன்யா எதற்கோ கலகலவென்று சிரிப்பது கேட்டது. லைன் அறுந்தது.

மூன்று பேர். ஆஹா, அந்த எண்ணைக் கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது! லிஃப்டில் இறங்கும்போது மஹிமா வாய்விட்டுச் சிரித்தாள். கீழே நிதாய்தா ரெஜிஸ்டரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷமாகப் பார்க்கிற மனுஷர், மத்தியானம் கிச்சடி கொண்டுவந்து வைத்து, சூடாகச் சாப்பிடு தீதி என்றவர். இப்போது எழுந்து நின்று, மரியாதையாக, யாரைப் பார்க்க வந்தீர்கள், உள்ளே வந்தபோது கையெழுத்துப் போடவில்லையே என்று வங்காள மொழியில் கேட்டார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். நான்தான் நிதாய்தா என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மஞ்சள் டாக்ஸி பைபாஸில் நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டி, சீரியல் விளக்கு, ஊதல், ஐஸ்கிரீம் வாங்கின குழந்தைகள். ஜன்னலில் தலை சாய்த்திருந்தவள் மனசுக்குள் இன்னும் அந்த மூன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்ரீநாத் ஒன்று. சைதன்யா இரண்டு.

நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் டாக்ஸியில் இருக்கிறாள். வீட்டில் இரண்டு பேர்தானே இருக்கவேண்டும்?

போன் போட்டாள். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், யாரோ எடுத்து, ஒன்றும் பேசாமல், வைத்தார்கள். கைப்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் திறந்தாள். எண்ணிக்கை கேட்கவில்லை இப்போது. பெயரைக் கேட்டாள், ஒவ்வொன்றாக.

ஸ்ரீநாத், ஹால்.

சைதன்யா, ஹால்.

மஹிமா, ஹால்.

அதில் ஒரு தப்பும் இல்லை. மூன்று பெயர், மூன்று இடம், எல்லாம் சுத்தம். காலிக் கட்டமே இல்லை. ஆனால் அவள் தட்டினது ஆபீஸ் என்று. அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆபீஸ் என்றுதான் தட்டினாள்.

கரியாஹாட்டுக்கு முன்னாலேயே டாக்ஸியை விட்டுவிட்டு இறங்கி ஓடினாள். புதுத் துணி வாசனை, வறுத்த முட்டை ரோல், பந்தலில் போடுகிற துனோச் சாம்பிராணிப் புகை, வியர்வை. ஆயிரம் பேர். யாரும் வழிவிடவில்லை. இடித்துக்கொண்டு போனவர்கள், எதன்மேல் இடித்தோம் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் சைதன்யா பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடினாள். பூந்தொட்டி வைத்த பழைய கட்டடம். கேட். இருட்டான மாடிப்படி, பல்ப் போய் ஒரு மாசமாகிறது. கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். முதல் மாடி. இரண்டாவது மாடி.

வாசல்.

செருப்பு ஒரு ஜோடி வெளியே கிடந்தது. அவளுடையது மாதிரியே. அதன் பக்கத்தில் தன் செருப்பை அவள் கழற்றினாள். எப்போதும் கழற்றுகிற இடம் அது.

கதவு பாதி திறந்திருந்தது. ஏழு படிக் கொலு, விளக்கு, மல்லிகை, சாம்பிராணி. மத்தியானம் ஆறாவது மாடியில் வந்த அதே வாசனை. படிக்குக் கீழே பாயில் சைதன்யா பாவாடையைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல், கொத்தாகப் பூ. அழகாகப் பின்னியிருந்தது. மஹிமா பின்னுவது போலவே, இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாக.

"சைது," என்றாள். குரல் பாதிதான் வந்தது.

குழந்தை திரும்பிப் பார்த்தாள். நேராக, தெளிவாக, நல்ல பிள்ளையாக ஒரு புன்னகை. கொலுவுக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்திருந்த புன்னகை. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, யாரோ ஒரு மாமி வந்திருக்கா."

ஸ்ரீநாத் வந்தான், வாங்கோ வாங்கோ என்றான். அவன் கண் அவள்மேல் பட்டு, ஒரு நிமிஷம் யோசித்து, விலகியது. மஹிமா வாயைத் திறந்தாள். தன் பெயரைச் சொல்லவேண்டும். நாக்கு நுனியில் இருந்தது. என்ன பெயர் அது. மூன்றெழுத்து. என்ன பெயர்.

சமையலறையில் வளையல் சத்தம். தட்டில் வெற்றிலை அடுக்குகிற சத்தம். மாம்பழ நிறப் பட்டு கதவோரம் அசைந்தது. வந்தது. குனிந்த தலை. நீட்டின தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி. தட்டைப் பிடித்திருந்த இடது மணிக்கட்டில் பிறைநிலா மாதிரி ஒரு சூடு.

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. அங்கே ஒரு தழும்பும் இல்லை.

"எடுத்துக்கோங்கோ," என்றது அவளுடைய குரல்.

வாங்கினால் கிளம்பவேண்டும். அதுதான் வழக்கம். சைதன்யா வந்து அந்தப் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விருந்தாளி போகட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. மாட்டேன், மாட்டேன் என்று உள்ளே ஒருத்தி அலறிக்கொண்டே இருந்தாள். கை நீண்டது. இரண்டு கையும். தட்டின் குளிர்ச்சி விரலில் பட்டது.